பொருள் எண் நாற்பத்தொன்று

நாற்பது: மூன்று பேர் அமரும் சோபா, தண்ணீர் குடித்தது.
நாற்பத்திரண்டு: வரவேற்பு மேஜைக் கண்ணாடி, விரிசல்.
நடுவில் இது.

மஞ்சளில் ஒரு கூம்பு. அதன் தலையில்
கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட உருளை.
உருளையின் விலாவிலிருந்து, காரணமே சொல்லாமல்,
இளஞ்சிவப்பில் ஒரு கை. கையா, குழாயா?
உச்சியில் பச்சைப் பந்து,
இப்போது விழுவேன் இப்போது விழுவேன் என்று
முப்பது வருஷத்துக்கு மேலாய் மிரட்டிக்கொண்டு.

"இத என்னன்னு எழுத, அண்ணாச்சி?"
ஆறுமுகநயினார் வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்தார்.
"அப்பா எண்பத்தெட்டுல பம்பாயில வாங்கினாவ வே.
கூட ரெண்டு குக்கரும்.
குக்கருக்கு ரசீது இருக்கு.
இதப் பாத்துட்டு அம்மை ரெண்டு மாசம் பேசல."

வண்ணாரப்பேட்டைக்குள் ஆறு வந்துபோய் ஒன்பது நாள்.
லாட்ஜுக்குள் இன்னும் மீன்வாடை.

நானும் ரூம்பாய் எபனேசரும் மெல்லச் சாய்த்தோம்.
தட்டினால் கூம்பு மரம்,
உருளை மரத்தின் மேல் மைக்கா,
பந்து மட்டும் பீங்கான் போலக் கணீரென்றது.
அடியில் ஏழு, ஒரு சாய்கோடு, நூறு.
பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்த சதுரம்.
பசை இருக்கிறது, பெயர் இல்லை.

சென்னையில் ஏலக்கடை வைத்திருக்கும் சேகரனுக்குப் படம் அனுப்பினேன்.
"அசல் என்றால் உன் காரைவிட அதிகம்,
நகல் என்றால் பூந்தொட்டி விலை.
ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்."
ஸ்டிக்கரைக் கடைசியாகப் படித்தது தாமிரபரணி.
அதனிடம் கேட்டு எழுத
படிவத்தில் இடமில்லை.

விதிப்படி தேய்மானம் வருஷத்துக்குப் பத்து சதவீதம்.
கழித்துப் பார்த்தேன்:
தொண்ணூற்றெட்டிலேயே இது
இல்லாமல் போயிருக்கவேண்டும்.
என் தோளுயரம் நிற்கிறது.

வெள்ளத்தால் வந்த சேதம் தனி, பழைய சேதம் தனி.
சேற்றுக்கோடு உருளையின் மூன்றாம் பட்டைவரை; அது எங்கள் கணக்கு.
இளஞ்சிவப்புக் கையில் வளையம் வளையமாய்க் கீறல்,
பெயின்ட் போய், மரம் தெரிந்து, மரமும் வழவழத்து;
அது யார் கணக்கு?

"ஆறாம் நம்பர் சாவி" என்றான் எபனேசர்.
"அந்த ரூமுக்கு மட்டும் பலகையில ஆணி கெடையாது."

சொல்லிவிட்டுக் குனிந்து
சோபாவுக்கடியில் அள்ளிய சேற்றில்
ஏதோ தட்டுப்பட, சட்டையில் துடைத்து,
பார்க்காமலே கையை நீட்டி மாட்டினான்.
பித்தளை வில்லை இரண்டுதரம் ஆடி நின்றது.
பந்து அசையவில்லை.

விவரம் என்ற கட்டத்தில் 'அலங்காரச் சிற்பம், பல வண்ணம்' என்றும்
நிலை என்ற கட்டத்தில் 'வேலை செய்கிறது' என்றும் எழுதினேன்.
தலைமை அலுவலகம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பும்.
விலைக்கட்டத்தில் பென்சிலால் ஒரு தொகை,
அழித்து, இன்னொன்று.

ஆறாம் நம்பர் ரூமில் கட்டில், மெத்தை,
ஒரு சுவர்க்கடிகாரம் பாக்கி.
சாவியை எடுக்கக் கை நீட்டினேன்,
அந்தக் கீறலிலேயே என் விரலும் போனது.