வரிசை

வெள்ளிக்கிழமை மாலை
ரன்டைமைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன்.
சோதனைகள் நாற்பத்தொன்றும் பச்சை.
கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள், விடியாத நாலரை மணி.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் பக்கவாட்டில் பெய்யும் மழை.
மூன்று படகுகள் கட்டியாகிவிட்டன,
ஆறு மணிக்கு ஏலம்.
தூரிதா முதல் பெட்டியை எடைமேடையில் வைத்து
பொத்தானை அழுத்துகிறாள்.
திரை யோசிக்கிறது.
இன்னும் யோசிக்கிறது.
பிறகு, ஏதோ எங்கள் தவறு போல:
இணைப்புக்கான நேரம் கடந்துவிட்டது.

தரவுத்தளம் எங்கள் தீவில் இல்லை.
கடலடிக் கம்பியின் மறுமுனையில்
டப்ளின் பக்கம் குளிரூட்டிய கொட்டகை ஒன்றில் இருக்கிறது.
அதற்குப் பெயர் மேகமாம்.
எங்கள் ஊர் மேகத்தைக்
காலரிலிருந்து கையால் துடைத்துவிடலாம்.

"கம்பி அறுந்திருக்கும்" என்றார் எய்லிஃப்.
காப்பி இயந்திரம் நின்றாலும் அவருக்குக் கம்பிதான்.
நான் கடவுச்சொல்லைச் சந்தேகித்தேன்,
இரண்டுமுறை மாற்றினேன்.
சான்றிதழைப் புரட்டினேன், காலாவதி ஆகவில்லை.
பத்து நொடிப் பொறுமையை முப்பதாக்கினேன்,
முப்பது நொடி காத்திருந்து
அதே பதிலை வாங்கிக்கொண்டேன்.

என் மடிக்கணினி மட்டும் உடனே இணைந்தது.
அதில் பழைய பதிப்பு.
சமர்த்துப் பிள்ளை போல அது சிரித்தது எரிச்சலாக இருந்தது.

அதற்குள் தூரிதா
அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்துப்
பென்சிலால் எழுதத் தொடங்கியிருந்தாள்.
படகு, மீன், கிலோ.
ஈரக்கை பட்ட இடமெல்லாம் எண்கள் கரைந்தன.

ஐந்து இருபதுக்குத்தான் தோன்றியது,
நானே பெயரைச் சொல்லி முகவரி கேட்கலாமே என்று.
இரண்டு வந்தன.
ஒன்று நெடியது, முக்காற்புள்ளிகளால் கோத்த மாலை...
இல்லை, மாலை இல்லை,
வாய்க்குள் நுழையாத வெறும் எண்ணும் எழுத்தும்.
மற்றது குட்டை. நாலே எண்.
எங்கள் சுவரில் திறந்திருந்தது
குட்டைக்கான வழி மட்டும்.

பழைய ரன்டைம்
பட்டியல் கைக்கு வந்ததும்
ஒருவரிடமும் சொல்லாமல்
குட்டையை முன்னால் இழுத்துவைக்குமாம்.
ஐந்து வருஷமாக எங்களுக்காக அப்படி.
புதியதற்கு அந்த வழக்கம் கிடையாது.
கொடுத்த வரிசையில் போய்த் தட்டும்.
முதல் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை,
இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லை,
அதனால் நின்றுகொண்டே இருக்கும்.

யாரைத் திட்டுவது?
மூன்று நாளாக அது ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வரி எழுதினேன்:
குட்டையை முதலில் கேள்.
ஐந்து நாற்பத்தொன்று.
திரை யோசிக்கவே இல்லை.

'நெடியதற்கும் சுவரில் வழி திறக்கவும்' என்று
மஞ்சள் சீட்டு எழுதி ஒட்டினேன்.
அடியில் இருந்தது மார்ச் மாதச் சீட்டு:
'ரன்டைமை உயர்த்தவும்.'

தூரிதா அட்டையைப் பார்த்து
ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தாள்.
பதினான்காவது வரியில் விரல் நின்றது.
முப்பத்தொன்றா, முப்பத்தேழா?
என்னைப் பார்த்தாள்.
எனக்கு எப்படித் தெரியும்?
குனிந்து,
வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளை ஒதுக்கி,
அந்தப் பெட்டியை மட்டும் இழுத்தெடுத்து
மறுபடி மேடையில் வைத்தாள்.