காற்புள்ளி

நாற்பத்தோராம் நாள் பதினொரு மணிக்கு
கிண்ணியாவிலிருந்து சுபைதீன் வந்தார்.
ஐஸ் ஃபக்டரியின் ஈரம்
சேர்ட் கைமடிப்பில் இன்னும் இருந்தது.
உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தாராம்.
"நல்ல செய்தியெண்டா கோல் எடுத்திருப்பானுகள்தானே, மிஸ்."

மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.
அவர்கள் எடுத்துக்கொண்டது நாலு வருடம்.
இந்தக் கணக்கை நான் சத்தமாகச் சொல்வதில்லை.
சொன்னால் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

ஐந்து பக்கம், சிங்களத்தில்.
விரல் வைத்து வாசித்துச் சொன்னேன்.
முதலாவது உருப்படி, ஜெனரேட்டர்: வரி மீளளிக்கப்படலாம்.
இரண்டாவது, குளிர்க்குழாய்கள்:
மூல விலைப்பட்டியல் இல்லை, நிராகரிக்கப்படுகிறது.
மூன்றாவது, கொம்பிரசர். அதில்தான் பதினெட்டு லட்சம்.
"மூன்றாவது உருப்படியைப் பொறுத்தவரை,"

அவ்வளவுதான். ஒரு காற்புள்ளி.
அடுத்த பக்கத்தில் கையொப்பம், இறப்பர் முத்திரை.

பக்கம் தவறியதோ என்று உறையை உதறினேன்.
ஒரு ஸ்டேப்ளர் கம்பி விழுந்தது.
எண்கள் சரியாகவே இருந்தன, நாலுக்குப் பிறகு ஐந்து.
அந்த வரியிலிருந்து யாரோ
தேத்தண்ணிக்கு எழும்பிப் போயிருக்க வேண்டும்.

"அப்ப நான் பிந்திட்டேனா?"

பிந்திவிட்டார். பதினொரு நாள்.
ஆனால் முடியாத வசனத்துக்கு
எந்த நாளிலிருந்து எண்ணுவது?
அதையே எழுதினேன்:
தீர்மானம் முற்றுப்பெறும்வரை காலக்கெடு தொடங்கவில்லை
என்பது எமது பணிவான நிலைப்பாடு.
'பணிவான'வை மூன்று தரம் வெட்டி
மூன்று தரம் திரும்பப் போட்டேன்.

பதிவுத்தபாலுக்கு வரிசையில் நிற்கையில் சொன்னார்:
"நான் ஐஸ் விக்கிற ஆள்.
போட்டுக்காரனுக்கு ரெண்டு மணித்தியாலம் பிந்தினா
என்ட சாமான் தண்ணி.
ஆரும் எனக்குக் கடிதம் எழுதத் தேவையில்ல."

வெளியே வந்தபோது
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
அவர் கையிலிருந்த மேலதிகப் பிரதியின் மூலையை மென்றது.
நான் விரட்டப் போனேன்.
"விடுங்க மிஸ், அதாவது முழுசா பாக்கட்டும்."

ஏழு மாதம்.
கோணேசர் மலைப்பக்கம் மழை வந்து போனது,
வாடைக்காற்றில் படகுகள் கரையேறின, இறங்கின.
பிறகு ஒரு வரிக் கடிதம்:
விசாரணைக்குச் சமூகமளிக்கவும், காலை ஒன்பது மணி,
கொழும்பு, ஒன்பதாம் மாடி.

அன்று மாலை அழைத்தார்.
"மிஸ், அந்தத் திகதி போயா."
கலண்டரைப் பார்த்தேன்.
சிவப்புக் கட்டத்துக்குள் முழு நிலா.
"கந்தோர் பூட்டித்தானே. போகாட்டி
வரல்லண்டு எழுதுவானுகளா?"

எழுதுவார்கள்.
அதை மட்டும் முற்றுப்புள்ளி வைத்து எழுதுவார்கள்.

இரவு ரயிலுக்கு
இரண்டு ஆசனம் பதிந்தேன்.