விட்ட இடம்

ஏப்ரல் முப்பது வரை
ஸ்கார்பரோவில் ஒரு நிலவறை அலுவலகத்தில்
பிறர் வருமானத்தைக் கூட்டிக் கழிப்பேன்.
மே பிறந்தால்
என்னிடம் இருப்பது ஒன்பது கிலோ,
அதில் இரண்டு தண்ணீர்.

"அக்கா, உங்களுக்கு ஐம்பத்திமூண்டு"
என்கிறான் குகேந்திரன் தொலைபேசியில்.
முழங்காலுக்கு அது தெரியும்.
இடது முழங்காலுக்கு இன்னும் நாலைந்து கூட.

சஸ்காச்சுவன், கட்டம் போட்ட கொப்பி.
சாலை வளைவதற்கு ஒரு காரணமும் இல்லை.
காலையில் தெரிந்த தானியக் கோபுரம்
மதியமும் அதே கட்டைவிரல் உயரம்.
கனோலா மஞ்சள், ஆளிப்பூ நீலம்,
மறுபடி மஞ்சள்.
நிற்கிற வண்டியெல்லாம் கேட்பது ஒன்றே:
கார் எங்கே பழுதாகி நிற்கிறது?
காரே இல்லை என்றால்
பரிதாபம் பயமாவதைக்
கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.
கடிலாக் என்று ஓர் ஊரைக் கடந்த அன்று மட்டும்
கடிலாக்கில் இருக்கிறது என்றேன்.

எழுதுவது இப்படி:
பகலில் தாளைத் தொடுவதில்லை.
வருகிற வரியை வாயில் போட்டு
மென்றுகொண்டே நடப்பேன்.
குதிகால் ஒத்துக்கொள்ளாத சொல்
இரண்டாம் மைலில் தானாக உதிரும்.
தளை தட்டினால்
காதுக்கு முன்னால் கொப்புளம் கண்டுபிடிக்கும்.
இருட்டியபின் கூடாரத்துக்குள்
மிஞ்சியதை எழுதுவேன்.
நாற்பது சொல்லோடு கிளம்பினால்
பதினொன்று வந்து சேரும்.
மற்றவை வேலியோரம் கிடக்கின்றன,
தரையணில்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

சட்டம் ஒன்றுதான்:
நடை அறுபடக் கூடாது.
நேற்றின் கடைசிச் சுவட்டில்
இன்றின் முதல் கால்.

இருபத்துமூன்றாம் நாள்
வால் மரிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்.
மேற்கு வானம் பச்சையானது.
அந்தப் பச்சைக்கு என்னிடம் சொல் இல்லையே என்ற நொடியில்
வரி வந்தது, முழுசாக,
ஓர் எழுத்தை அசைக்க வேண்டாத வரி.
பின்னாலேயே ஆலங்கட்டி.
முதலில் கடலை. பிறகு எலுமிச்சை.

ஒரு பிக்கப் பின்னோக்கி வந்து கதவைத் திறந்தது.
பையில் காயப்போட்டிருந்த சிவப்புக் காலுறையை
முள்கம்பியில் கோத்துவிட்டு ஏறினேன்.

ரெஜான் எதுவும் கேட்கவில்லை.
தகரம் பேசவும் விடவில்லை.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் வயலை:
நானூறு ஏக்கர் மைசூர்ப் பருப்பு
ஒன்பது நிமிடத்தில் மண்ணோடு மண்.

பதினாலு கிலோமீட்டர் தள்ளி அவர் வீடு.
சூப் தந்தார், ரொட்டி தந்தார்,
மகள் விட்டுப்போன அறையைத் தந்தார்.
படுத்துக்கொண்டு துழாவினேன்.
வரி இல்லை.
உட்கார்ந்து வந்த வரி
எப்படி இருக்கும்?

விடியுமுன் கூச்சத்தோடு கேட்டேன்,
ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிட முடியுமா.
சாவியை எடுத்தார்.
பயிர் போன மனிதரிடம் கேட்கிற உதவியா இது என்று
பாதி வழியில்தான் உறைத்தது.
வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்:
"விதைக்கும்போது இயந்திரம் நின்றால்
விட்ட இடத்துக்குத்தான் நானும் திரும்புவேன்.
நடுவில் வெறும் நிலம் விட்டால்
ஆகஸ்டில் ஊருக்கே தெரியும்."

காலுறை கம்பியில் இருந்தது,
நனைந்து, ஒரு சாண் நீண்டு.
பயிர் நட்டத்தை
எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில்
எழுதுவதென்று எனக்குத் தெரியும்.
துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.
பகல் வெளிச்சத்தில் நான் எழுதிய ஒரே வரி.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வயலுக்குள் இறங்கினார்,
ஒரு செடியைப் பிடுங்கி
வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் தெற்கே நடந்தேன்.
முதல் மைலில் எதுவும் இல்லை.
இரண்டாவதிலும்.
பிறகு ஒரு சொல் வந்தது,
நேற்றையது அல்ல.
கொஞ்சம் நொண்டியது.
கூட நடக்கவிட்டேன்.