சுண்ணக்கட்டி

திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன்.
டக். டக். டக்.
பாய்மரத்தடிக்கு வந்ததும்
தொப்.

காது சொன்னதை நம்பாமல்
கூர்ப்பக்கத்தால் குத்தினேன்.
தேநீரில் ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல்
பிடிவரை இறங்கிற்று.

பத்து மாவுங் படகுத் துறையில்
கியாட் செங் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து கேட்டான்:
எத்தனை நாள்?
நாலு நாள் என்றேன்.
ஒரு மாதத்துக்கு எழுதினான்.

அழுகல் முடிகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு.
கோட்டோடு அறுத்துத் தூக்கினால்
அதற்கு அப்பாலும் கறுப்பு.
இன்னொரு கோடு.
அதற்கு அப்பால் பழுப்பு.
பழுப்பும் கறுப்பின் தம்பிதான் என்பதை
மூன்றாம் நாள்தான் ஒப்புக்கொண்டேன்.
பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து
நனைந்த பஞ்சாங்கம்போல் கையோடு வந்தது.
எந்த ஏட்டிலும் நல்ல நாள் இல்லை.
கீழே குறுக்குக் கட்டைகள் மட்டும்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன.

இவ்வளவு நாளும் விக்டரைத்தான் திட்டினேன்.
பாதிப் பங்கு பாக்கி வைத்துவிட்டு
பெர்த்துக்குக் குடிபோனவன்.
பார்த்த இடத்தில் எல்லாம் டிரில் வைப்பவன்.
கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும்
அவன் பேரில் ஒரு வசவு;
துருப்பிடித்தவற்றுக்கு இரண்டு.

அறுக்க அறுக்கத் தெரிந்தது,
அழுகல் விசிறிபோல் விரிந்து கிடந்தது.
விசிறி என்றால் கைப்பிடி இருக்குமே.
தேடிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.
இடது ஓரம், சுக்கான் பக்கம்,
கடுகளவு ஒரு துளை.
அதன்மேல் பித்தளைக் கொக்கி.

கொக்கி நான் மாட்டியது.
ஒரு விசாக விடுமுறையில்
மீன்வாளி உருண்டுகொண்டே இருக்கிறது என்று.
ஒரு சொட்டு சிலிகான் வைத்திருந்தால் போதும்.
டியூப் காலி.
ஜெலுத்தோங் வரை போகச் சோம்பல்.
ஏழு மழைக்காலம்
அந்தக் கடுகுக்குள் வரிசையில் நின்று
இறங்கியிருக்கிறது.

முதல் எபாக்சியை நண்பகலில் கலந்தேன்.
கிண்ணம் புகைந்தது,
கலக்கிய குச்சியோடு கல்லாயிற்று.
நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் கல்.
கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
இப்போது காலை ஆறரைக்குக் கலக்குகிறேன்,
இரண்டாம் பாலத்தில் லாரிகள்
விளக்கை அணைக்காத நேரத்தில்.
ஒவ்வொரு துளையையும் இரண்டு தடவை போடுகிறேன்:
பெரிதாகக் குடைந்து, எபாக்சியால் அடைத்து,
மறுநாள் அதன் நடுவில் சிறிதாக.
கியாட் செங் நின்று பார்த்தான்.
இவ்வளவு பயமா, என்றான்.

விக்டர் செய்தி அனுப்பியிருந்தான்:
டெக் எப்படி? நான் போட்ட ஓட்டையா?
உன் வேலையில்லை என்று அடித்தேன்.
இரண்டு விதமாகவும் படிக்கலாம்.
திருத்தாமல் அனுப்பினேன்.
பாக்கிக் காசைப் பற்றி
இந்த முறை கேட்கவில்லை.

புதிய பலகைமேல் மூன்றாம் பூச்சும் காய்ந்தபின்
தார்ப்பாயை நானே உருவிவிட்டேன்.
நாலு மணிக்கு வழக்கமான மழை.
உள்ளே போய் மல்லாந்து படுத்து
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
முதல் அரைமணி ஒன்றும் இல்லை.
ஒட்டுகளில் ஒன்றும் இல்லை,
கொக்கி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.
அப்புறம் அடுப்பு மேடைப் பக்கம்,
நான் தட்டியே பார்க்காத மூலையில்,
ஒரு சொட்டு.
கொஞ்ச நேரம் கழித்து
அடுத்தது.

சுண்ணக்கட்டி
சட்டைப்பையில்தான் இருக்கிறது.