எட்டு நிமிடம்

பகல் மூன்றுக்கே இருட்டிவிடும் டிசம்பர்.
ட்ரோண்ட்ஹெய்ம் ஆம்புலன்ஸ் அலுவலகம், மூன்றாம் மாடி.
எய்வின் விட்டுப்போன நிரலை
டோருன் வரிவரியாகப் படிக்கிறாள்.

அழைத்த நேரம் ஒரு பத்தி,
சேர்ந்த நேரம் ஒரு பத்தி,
கழித்தால் காத்திருப்பு.
நாற்பத்திரண்டாம் வரியில் ஒரு சின்னக் கட்டளை:
முழு நிமிடத்துக்குக் கீழே இறக்கு.

எட்டு நிமிடம் மூன்று விநாடி, எட்டு.
எட்டு நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி,
அதுவும் எட்டு.
இலக்கும் எட்டு.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று
வருடா வருடம் கேக் வெட்டியிருக்கிறார்கள்.
சிந்திய தூளை யார் எண்ணுவது?

எய்வினுக்குப் போன் செய்தாள்.
"தசமம் பார்த்தால் மேலே இருப்பவர்களுக்குத் தலை சுற்றும்,
அதனால்தான்."
நல்ல மனிதர். இப்போது தேனீ வளர்க்கிறார்.
பின்னால் நாய் குரைத்தது.

பிப்ரவரி ஒன்பதில் ஒரு வரி மட்டும்
மைனஸ் ஒன்று.
வண்டியின் கடிகாரம் கொஞ்சம் மந்தம்;
கூப்பிடுவதற்கு இருபது விநாடி முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது.
அதையும் கீழே இறக்கி
முழு நிமிடமாக்கியிருந்தது நாற்பத்திரண்டாம் வரி.
சிரித்துவிட்டாள்.
பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் என்ன தாராளம்!

பிறகு அடுத்த வரி.
மோலென்பெர்க், இரண்டாம் தளம்,
மூச்சில்லை, மனைவி அழைத்தார்,
எட்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.
முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் மார்பை
டோருன் அழுத்தியிருக்கிறாள்.
ஐம்பத்திரண்டு விநாடிக்கு
ஏறக்குறையத் தொண்ணூறு தடவை.
பொம்மைக்கே தோள் கடுத்தது.

முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும்
முந்திரி என்று பெயர் வைத்த மொழியில்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அந்த நிரலில்
ஒன்றுக்குக் குறைந்த எதற்கும் பெயரில்லை.

வரியை நீக்கி மறுபடி ஓட்டினாள்.
தொண்ணூற்றொன்று
எழுபத்துமூன்றானது.
வண்டிகள் எதுவும் வேகம் குறையவில்லை,
எந்தச் சாலையும் நீளவில்லை.
காபி மட்டும் ஆறிப்போயிருந்தது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் விழுந்த
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்.
வெட்டுப்பட்ட விநாடிகளை மட்டும் கூட்டி
மேலாளருக்கு எழுதத் தொடங்கினாள்:
மொத்தம் ஒன்பது மணி பதினாறு நிமிடம்,
சில்லறை.

விரல் நின்றது.
'சில்லறை'யை அழித்தாள்.

நாற்பத்தோரு விநாடி.