கையளவு லத்தீன்

மூன்று மணி நேரம் கொதிகலனைக் குடைந்தபின்
ஸ்பானரைத் தரையில் வைத்தார் டீலன்:
"என் லத்தீன் இத்தோடு தீர்ந்தது."

ட்ரியரில் ஜனவரி. ஜன்னலின் உட்புறமும் பனி.
காதோரம் கிரீஸ், பையில் கடித்த ரொட்டி,
இவரிடம் ஏது லத்தீன்?
இனி ஒன்றும் தோன்றவில்லை என்பதை
இங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.
வேட்டைக்காரன் அளக்கிற பொய்யும் லத்தீன்தானாம்.

அவர் கருவிகளைப் பொறுக்கும் நேரத்தில்
கம்பளிக்குள் இருந்தபடி போனில் தேடினேன்.
லாத்தியம் என்ற நிலத்தின் பேச்சு.
அகலம் என்பதே வேர் என்கிறார்கள்:
குன்றுகள் விலகி, விரிந்து கிடந்த தரை.
மாடு மேய்ந்திருக்கும், சேறு இருந்திருக்கும்.
துரத்தப்பட்ட கடவுள் ஒருவர் ஒளிந்த இடம்,
அதனால் அந்தப் பெயர் என்று பழைய கதை;
பண்டிதர்கள் ஒப்புவதில்லை.
விசா முடிந்த ஒரு குளிர்காலம் எனக்கு உண்டு,
நான் ஒப்புகிறேன்.

"உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?" என்றார் டீலன்.
கையை விரிப்போம் என்றேன்,
விரித்தும் காட்டினேன்.
அவரும் விரித்தார்:
ரேகைதோறும் கரி ஓடும்
அகன்ற தட்டை நிலம்.

நாளை வேறு பம்போடு வருகிறாராம்.