ஓர் அரவு

சூரிச்சிலிருந்து ஒஸ்லோ
ஆயிரத்து நானூறு கிலோமீற்றர் சொச்சம்.
பறந்தால் இரண்டு மணி இருபது நிமிடம்
என்கிறது போன்.

மல்லாவியில் பஸ் ஏறி
மாங்குளத்தில் மாறி
முல்லைத்தீவு நொத்தாரிசிடம் நான் போய்ச் சேர
அதைவிடக் கூடச் செல்லும்.

பெரியண்ணை சூரிச். கேதீஸண்ணை ஒஸ்லோ.
பதினொரு வருசமாய் முகம் பார்க்கிறதில்லை.
ஒரு டிராக்டர்க் காசு. அந்த டிராக்டரும்
செல்லடியோடு போனது.

"அவனுக்குச் சீனி எவ்வளவாம்?" என்று இவர்,
"அவருக்கு இப்ப ஆர் சமையல்?" என்று அவர்,
என்னிடம்.
கேட்டதாய்ச் சொல்லாதே என்பதை மட்டும்
இருவரும் ஒரே குரலில்.

காணி உறுதிக்கு இரு கையெழுத்தும் வேணும்.
தாள் சூரிச் போய், மல்லாவி வந்து,
ஒஸ்லோ போய், நேற்றுத்தான் திரும்பியது.
தட்டச்சில் 'வகீசன்' என்று கிடந்த பெரியண்ணையின் பெயருக்கு
நீல மையில் ஓர் அரவு போட்டிருக்கிறார்
கேதீஸண்ணை.

கை வைத்த தாள் செல்லாது, தங்கச்சி,
புதிசாய் அடித்து அனுப்பும் என்றார் நொத்தாரிசு.

கடைசி பஸ்.
பழைய தாளைப் படம் எடுத்து
சூரிச்சுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
பிறகு, ஒட்டுசுட்டானில் பஸ் நிற்கையில்:
"ஒஸ்லோவில் இப்ப சரியான குளிரோ?"